படித்துறை வாங்கு

அந்த வாங்கை நான்தான் துடைத்தேன்.

விடிந்து கொஞ்ச நேரம். குளத்தின் மேல் பனி கிடந்தது. மார்கழி கழிந்த சமயம் என்று நினைக்கிறேன். புதிதாகப் பூட்டிய வாங்கு. உட்காரத் தேக்குப் பலகை, இரும்புக் கால், சாயும் பலகையில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டை மஞ்சள் துணியால் மூடியிருந்தார்கள். எட்டு மணிக்குப் பெரியவர்கள் வந்து துணியை எடுப்பார்கள், அதற்கு முன் துடைத்து வை என்று ஓவசியர் சொல்லியிருந்தார்.

பலகை முழுக்கப் பனிநீர். வலது கோடியில் துணியை வைத்து இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன். இடது கோடிக்கு வந்ததும் துணி சொரசொரத்தது. அங்கே ஈரம் இல்லை. ஓர் ஆள் உட்காரும் அகலம். அந்த அகலத்துக்கு மட்டும் பலகை காய்ந்திருந்தது.

யாரோ இருந்துவிட்டு இப்போதுதான் எழும்பிப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பாதையைப் பார்த்தேன். பாதைக் கல்லிலும் பனிநீர். அதில் என் காலடி மட்டும் இருந்தது.

கையை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. குளிரும் இல்லை.

எட்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். துணியை எடுத்தார்கள். தகட்டில் மூன்று மொழியிலும் ஒரே பெயர், நடராசா. மளிகைக் கடை நடராசா முதலாளி. அவர் இந்தக் குளத்தில் செத்துப் போய்ப் பல வருடம். வாங்கைக் கொடுத்தது அவருடைய மனைவி சரஸ்வதி அம்மா. படம் எடுத்து, கை தட்டி, தேத்தண்ணி குடித்து எல்லோரும் போன பிறகு அந்த அம்மா மட்டும் நின்றார். வாங்கில் இருந்தார். வலது கோடியில் இருந்தார். இடது பக்கத்தை விட்டுவிட்டு இருந்தார்.

"இங்கதானே ராமையா?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா" என்றேன்.

அது பொய்.

எங்கள் வேலை

போன கிழமை இதே பக்கத்தில் எங்கள் குளத்துப் படகைப் பற்றி எழுதினேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். அதை இப்போது சொல்கிறேன்.

நான் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். ஐந்தாம் வகுப்போடு சரி. கண்டிக்கு வந்து மாநகர சபையில் கூலிக்குச் சேர்ந்தேன். குளத்துப் படகு வேலையில் போட்டார்கள். கூட ஒரு ஆள், ஜமால்தீன். கட்டுகஸ்தோட்டைக்காரன். அவன் துடுப்பு, நான் வலைக்கூடை. இலை, போத்தல், செத்த மீன், கும்பிட்டுப் போட்ட பூ எல்லாவற்றையும் அள்ளுவோம்.

சில நாளில் ஆட்களையும் எடுப்போம்.

அது எங்கள் வேலை என்று எந்தக் கடுதாசியிலும் இல்லை. ஆனால் குளத்தில் படகு எங்களிடம்தான் இருந்தது. அதனால் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. ஜமாலும் எண்ணவில்லை. எண்ணக்கூடாது என்று பேசிக்கொள்ளவும் இல்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தானாகக் குதித்துப் போனவர்களிடம் கட்டிக்கொண்ட பாரம் இருக்கும். அதைப் பொலிஸ் வருவதற்கு முன் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுவோம். முதல் தடவை நான் தயங்கினேன். ஜமால்தான் சொன்னான்.

"கல்லு தண்ணிட சாமான் மச்சான். தண்ணிக்கே குடுத்திரு. பொலிஸ்காரன் அத வெச்சி என்ன வீடா கட்டப்போறான்?"

"விசாரிப்பாங்களே."

"விசாரிச்சா வழுக்கி வுழுந்த எண்டு செல்லு. பொஞ்சாதி புள்ளைகள் ஊர்ல தல நிமுந்து நடக்க வாணாமா?"

வழுக்கி விழுந்தார் என்றால் வழுக்கும் இடம் வேண்டும். குளத்தைச் சுற்றி மதில். மதிலில் யாரும் வழுக்க மாட்டார்கள். பழைய படித்துறை ஒன்றுதான் இடம். பாசி பிடித்த படி. சனம் கால் கழுவும், மீனுக்குப் பொரி போடும். ஆகவே எங்கே எடுத்தாலும் படகோடு இழுத்துக்கொண்டு படித்துறைக்கு வருவோம். அங்கே கிடத்துவோம். அங்கேதான் கிடந்தார் என்று சொல்வோம்.

சனத்துக்கு உதவி என்றுதான் செய்தோம். அதில் ஒரு பிழை இருந்தது. அது எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

ஐந்து குடும்பம், ஒரு இடம்

குளத்துக் கரையைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. சபை ஒரு பங்கு, ஒரு கொம்பனி ஒரு பங்கு, மிச்சம் ஊர்ச் சனத்தின் நன்கொடை. நடைபாதை, விளக்குக் கம்பம், கம்பி வேலி, வாங்கு. உடைந்த மதிலுக்குச் செங்கல் கொடுத்தவர்களும் உண்டு. கொடுத்தவர் விரும்பினால் பெயர் வரும். செத்தவர் பெயரும் போடலாம்.

கொடுத்தவர்களில் பல மாதிரி. ஒரு பேக்கரி முதலாளி தன் வாங்கு தன் கடையைப் பார்த்தபடி இருக்கவேண்டும் என்றார். ஒரு பல் டாக்டர் தன் வாங்குக்கு முன்னால் குப்பைத் தொட்டி வரக்கூடாது என்றார். தொட்டி வந்தது. அதிலும் ஒருவருடைய பெயர் இருந்தது. அவரும் நன்கொடைதான்.

"நானும் ஒண்டு குடுக்கவா?" என்றான் ஜமால். "கொளத்துல கெடக்குற பெரிய உடும்பு, கபரகொய்யன் ஒண்டு குடுக்குறன். முதுகுல என்ட பேர எழுதி வுடுங்க. கொளத்தச் சுத்தி அதுவே காட்டிக்கிட்டுத் திரியும்."

திட்டத்துக்குப் பொறுப்பாக ஒரு சிங்கள மிஸ் இருந்தார். சின்ன வயது. தமிழ் பேசுவார். ஒரு நாள் குளத்தின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒரு விசயம் வெளங்க இல்ல. அஞ்சு குடும்பம் வாங்கு குடுக்குறாங்க. அஞ்சு பேரும் இந்தப் படி கிட்டதான் வேணும்னு எழுதியிருக்கு. அங்க நெழல் இல்ல. தலதா மாளிகையும் தெரியாது. ஏன் அந்த எடம்?"

நான் படத்தைப் பார்த்தேன். ஜமால் குளத்தைப் பார்த்தான்.

"சனத்துக்கு என்னமோ பிடிச்சிருக்கு மிஸ்" என்றேன்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படத்தைச் சுருட்டினார்.

அங்கே ஒரு வாங்குக்குத்தான் இடம். முதலில் எழுதிக் கொடுத்தவர் சரஸ்வதி அம்மா. அவருக்குக் கிடைத்தது. மற்ற நான்கு பேருக்கும் வேறு வேறு இடத்தில் கொடுத்தார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ஜமால் பகிடி விடவில்லை.

நீலப் பெயிண்ட்

நடராசா முதலாளியை எடுத்த நாள் நினைவு இருக்கிறது.

காலை. குளத்து வளைவில், தண்ணீர் மேல் சாய்ந்து நிற்கும் பெரிய மரத்தின் கீழே, மீன்கள் கூடியிருந்தன. எல்லாம் வாயை மேலே திறந்து மூடின. பொரி போட்டால் அப்படித்தான் செய்யும். ஆனால் கரையில் யாரும் இல்லை. தண்ணீரில் பொரியும் இல்லை. படகை விட்டோம். மீன் விலகவில்லை. கீழே ஓர் ஆளின் வெள்ளைச் சேட்டு தெரிந்தது.

இடுப்புச் சாரத்து மடிப்பில் மூன்று எடைக்கல் கட்டியிருந்தார். அஞ்சு கிலோ ஒன்று, இரண்டு கிலோ ஒன்று, அரைக் கிலோ ஒன்று. மூன்றிலும் நீலப் பெயிண்ட் பூசியிருந்தது. கடைக்காரர்கள் அப்படிப் பூசுவார்கள். பக்கத்துக் கடைக்கு இரவல் போனால் திரும்பி வர வேண்டும் அல்லவா. நீலம் அவர் கடை நிறம். அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அவிழ்த்தோம். ஒவ்வொன்றாக விட்டேன். இரண்டு ஆள் ஆழம். குமிழி வந்தது. அவரைப் படித்துறைக்குக் கொண்டுவந்தோம். மீனுக்குப் பொரி போட வந்தவர் வழுக்கிவிட்டார் என்றோம். பொலிஸ் எழுதிக்கொண்டது. சரஸ்வதி அம்மா ஓடி வந்தார். படியில் உட்கார்ந்தார். அழவில்லை. "எந்தப் படி?" என்று ஒரு தரம் கேட்டார். நான் மூன்றாம் படியைக் காட்டினேன்.

ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இரண்டு பெண் பிள்ளைகள். அந்த அம்மா கடையைத் தனியாக நடத்தினார். இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்தார். வழுக்கி விழுந்த மனிதனின் பிள்ளைகள் என்றபடியால் மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் செய்தது சரிதான் என்று இருந்தேன்.

வாங்கு வந்த பிறகு அந்த அம்மா தினமும் காலையில் வந்தார். அம்பிட்டியவில் இருந்து முதல் பஸ். கடை திறப்பதற்கு முன் ஒரு அரை மணி நேரம். வலது கோடியில் இருந்து, இடது பக்கமாகத் திரும்பி, மெதுவாகப் பேசுவார். அரிசி விலை, பேரப்பிள்ளையின் காய்ச்சல், கடைக்கு முன்னால் தோண்டிப் போட்ட சாக்கடைக் கான். நான் பாதையைக் கூட்டிக்கொண்டே கேட்பேன். பதில் கேட்காது. ஆனால் பதில் சொல்ல இடம் விட்டுவிட்டுத்தான் பேசுவார்.

பனி விழும் காலையில் நான் முதலில் போய்த் துடைப்பேன். இடது கோடி காய்ந்திருக்கும். ஒரு நாளும் தப்பவில்லை. கடைசியில் அந்தப் பக்கம் துணியைக் கொண்டு போவதை விட்டுவிட்டேன்.

படித்துறையில் மீன் வராது. பொரி போட்டாலும் வராது. வளைவில், மரத்தின் கீழே, காலையில் கூடும். வாயைத் திறந்து திறந்து மூடும்.

"தண்ணில காத்துக் கொறவு. அதான்" என்றான் ஜமால்.

"படித்துறையிலயும் இதே தண்ணிதானே?"

"நீ கூட்டுற வேலையப் பாரு."

தண்ணீர் இறங்கியது

மதிலைத் திருத்தச் சேறு அள்ள வேண்டும் என்றார்கள். குளத்து வான் கதவைத் திறந்து தண்ணீரை இறக்கினார்கள்.

ஒரு கிழமையில் குளம் பாதியானது. கரையோரம் கறுத்த சேறு. நாற்றம் கடைத் தெரு வரை போனது. மதிலில் பழைய தண்ணீர்க் கோடு ஆள் உயரத்தில் தெரிந்தது. நீர்க்காகங்கள் மரத்தில் இருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தன. இறங்கவில்லை.

சேறு அள்ளும் பெக்கோ மெசின் வந்தது. சேற்றில் இருந்து என்னென்னமோ வந்தன. தையல் மெசின், ஒரு பித்தளை மணி, சைக்கிள், கைபேசிகள், பூட்டிய பெட்டி ஒன்று. மிஸ் ஒரு வேலை செய்தார். பாதையோரம் பெரிய தார்ப்பாய்ப் படங்கு விரித்து, வந்த சாமானை எல்லாம் கழுவி அடுக்கி வைக்கச் சொன்னார். ஊர்ச் சனம் பார்க்கட்டும், தங்களுடையது என்றால் எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார். நல்ல எண்ணம்தான். சனம் கூட்டமாக வந்தது. பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள்.

அந்தப் படங்கு, சரஸ்வதி அம்மாவின் வாங்கில் இருந்து பத்து அடி.

வளைவில் தோண்டினால் நீல எடைக்கல் வரும். படங்கில் அடுக்குவார்கள். காலையில் அந்த அம்மா பார்ப்பார். தெருவே பார்க்கும். வழுக்கி விழவில்லை என்பது தெரியும். விழுந்த இடம் படித்துறை இல்லை என்பதும் தெரியும். அந்த அம்மா இத்தனை வருடம் எதைப் பிடித்துக்கொண்டு நின்றாரோ அது போய்விடும்.

நாளைக்கு வளைவு என்று பெக்கோக்காரர் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் நானும் ஜமாலும் இறங்கினோம். சேற்றின் மேல் பலகை போட்டுப் போனோம். நல்ல வெயில். மரத்தின் கீழே மட்டும் வெயில் விழவில்லை. அங்கே காகச் சத்தமும் இல்லை, ரோட்டுச் சத்தமும் இல்லை. காது அடைத்த மாதிரி.

தோண்ட வேண்டும் என்று மண்வெட்டி கொண்டுபோயிருந்தோம். தேவைப்படவில்லை.

சேற்றின் மேலேயே இருந்தன. அஞ்சு கிலோ கீழே. அதன் மேல் இரண்டு கிலோ. அதன் மேல் அரைக் கிலோ. கடையில் அடுக்குவது போல. பெரியது அடியில், சின்னது மேலே. நேராக. பெயிண்ட் கூட உரியவில்லை.

நான் அவற்றை ஒவ்வொன்றாக விட்டேன். ஆழத் தண்ணீரில் விட்டேன். அவை விழுந்தபடி கிடக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடச் சேறு மேலே மூடியிருக்க வேண்டும்.

"நீயா வெச்சே?" என்றான் ஜமால்.

"நான் ஏன் வைக்கிறேன்?"

"அப்ப?"

ஜமால் வாய்க்குள் எதையோ ஓதினான். பலகையில் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"எடு. சுருக்கா எடு. சாக்குல போடு. போவம்."

குனிந்தேன்.

"அது நம்ம கடைக் கல்லு" என்று மேலே இருந்து குரல் வந்தது.

மதில் மேல்

சரஸ்வதி அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மத்தியானத்தில் அவர் வந்ததே இல்லை. கடையை மூடிவிட்டு வந்திருக்கிறார். இடுப்பில் சாவிக் கொத்து இருந்தது.

நான் சாக்கைக் கீழே போட்டேன்.

"அம்மா, இது வந்து..."

"சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்மா?"

"அன்னைக்குக் காலையில கடையத் தொறந்தேன். தராசுத் தட்டுல ஒரு கிலோக் கல்லு மட்டும் இருந்துச்சு. மத்ததக் காணோம். கல்லுக் காணாமப் போனா எங்க போகும் ராமையா? அப்பவே தெரியும். அந்தக் கல்லு இங்க வருதான்னு பாக்கத்தான் வந்தேன்."

ஜமால் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரிஞ்சும் பேசாம இருந்தீங்களே" என்றேன்.

"ரெண்டு பொண்ணு இருந்துச்சு. நீங்க சொல்லல. நானும் சொல்லல. அதுக்கு உங்களக் கையெடுத்துக் கும்பிடணும்." அவர் கும்பிடவில்லை. "ஆனா எடத்த ஏன் மாத்துனீங்க?"

நான் குனிந்து சாக்கை எடுத்தேன்.

"எந்தப் படின்னு கேட்டேன். மூணாம் படின்னீங்க. வாங்கு வந்த அன்னைக்கும் கேட்டேன். அன்னைக்காவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். இல்லாத எடத்துல பெஞ்சப் போட்டு, ஒரு வருசமா காலிப் பலகையோட பேசிக்கிட்டு இருந்திருக்கேன்."

"காலின்னு சொல்ல முடியாதும்மா" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. அவர் என்னை உற்றுப் பார்த்தார். ஜமாலும் பார்த்தான். நான் பனிநீரைப் பற்றிச் சொன்னேன். இடது கோடியைப் பற்றிச் சொன்னேன். வேறு எதையும் சேர்க்கவில்லை.

கேட்டு முடித்ததும் அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"அவரு வந்துருக்காரு. நாந்தான் வரல" என்றார். "எடத்தக் காட்டுங்க."

"இதுதாம்மா. இந்தக் கல்லு இருக்கிற எடம்."

"கல்லக் காட்டச் சொல்லல. அவரு எங்க இருந்தாருன்னு காட்டுங்க. ஆளு நிக்கிற மாதிரி நின்னு காட்டுங்க. எனக்கு அங்க எறங்க முடியாது."

பலகையை விட்டு இறங்கினேன். முழங்கால் வரை போனது. மேலே வெயில், சேறு மட்டும் ஐஸ். இரண்டு எட்டு வைத்து, அன்றைக்கு வெள்ளைச் சேட்டு தெரிந்த இடத்தில் நின்றேன். கரையைப் பார்த்து நின்றேன்.

"அங்கயா?"

"ஆமாங்கம்மா. இங்கதான்."

அது உண்மை. இடத்தைப் பற்றி அந்த அம்மாவிடம் நான் சொன்ன முதல் உண்மை.

"கொஞ்சம் நில்லுங்க."

நின்றேன். அவர் பார்த்தார். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு கண் கொஞ்சம் நகர்ந்தது. எனக்கு இடது பக்கம், ஒரு முழ தூரத்தில், என் தோள் உயரத்தில் நின்றது.

"ஏங்க" என்றார்.

தன் புருசனைக் கூப்பிடும் குரல். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாங்கில் பேசும் குரல் வேறு.

"சின்னவளுக்கும் கல்யாணம் ஆயிருச்சுங்க. பேரன் இருக்கான். உங்க மூக்கு. கடைய நான்தான் பாத்துக்கிறேன். இப்பக் கரண்டுத் தராசு. கல்லு வேண்டியதில்ல. ஆனாலும் இதுகள எடுத்துட்டுப் போறேன், என்ன?"

பதில் சொல்ல இடம் விட்டார்.

ஜமால் பலகையில் நின்றபடி இருந்தான். அவனும் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மா பார்த்த இடத்தையே பார்த்தான். அவன் முகத்தில் இரத்தம் இல்லை. என் இடது பக்கத்துச் சேறு சத்தம் போட்டது. உள்ளே போன காலை வெளியே இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அது. நான் காலை அசைக்கவில்லை.

"சரிங்க" என்றார் சரஸ்வதி அம்மா. யாரோ சொன்னதற்குச் சொல்வது போலச் சொன்னார்.

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.